சீஸ் கொடுத்த பேராசிரியர்

மிச்சிகன் ஏரிக்குக் கிழக்கே, ஹார்லன்வில் வட்டாரத்தில், வெண்டல் ஹூக்ஸ்ட்ரா ஒரு முறையாவது பள்ளத்திலிருந்து இழுத்துவிடாத கார் அநேகமாக இல்லை. இருபத்தாறு குளிர்காலமாக அவர் வட்டாரச் சாலைத்துறைக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார்; மிச்சப் பனி உருகச் சாலையில் உப்பும் தூவுவார். பனி போனதும் அதே சாலைகளில் குழி அடைப்பார். சக்கரம் பனியில் புதைந்து நிற்கும் வண்டியைப் பார்த்தால் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடும். தன் கல்யாணத்துக்கே அவர் அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனார். வழியில் பாதிரியாரின் கார் பள்ளத்தில் கிடந்தது. அவர் நேரத்துக்குப் போயிருந்தாலும் கல்யாணம் நடந்திருக்காது.

அவர் மனைவி லோர்னா, ஊர்ப் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். ஒரே மகள் பிரிஜிட். அந்தக் குடும்பத்துக்குள் பாட்டு எந்த வழியாக நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஹூக்ஸ்ட்ரா வம்சத்தார் தேவாலயத்தில்கூட உதட்டை மட்டும் அசைப்பவர்கள். ஆனால் பிரிஜிட் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார். பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்கியபோது, கல்லூரியில் இசை நாடகம்தான் படிப்பேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு அது. அவள் மனதில் இருந்தது ஆஷ்கோர்ட் பல்கலைக்கழகம்.

"அங்க எத்தனை பேரை எடுப்பாங்க?" என்று கேட்டார் வெண்டல்.

"ஒம்போது பொண்ணு, ஒம்போது பையன்."

"எத்தனை பேர் கேப்பாங்க?"

"ரெண்டாயிரம் பேர்."

வெண்டல் உருளைக்கிழங்கை மென்று முடித்தார். "சந்திரனுக்கு அனுப்புற ஆளைக்கூட இவ்வளவு சலிச்சு எடுக்கமாட்டாங்களே."

முதல் சல்லடை வீடியோ. வீட்டில் பாடிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அது தேறினால்தான் நேரில் கூப்பிடுவார்கள். பிரிஜிட் உச்ச ஸ்தாயியைத் தொடும்போதெல்லாம் அவர்கள் வீட்டு நாய் பிக்கிள் கூடவே ஊளையிட்டது. நாயை மாடியில் அடைத்தார்கள், மாடியிலிருந்து ஊளையிட்டது. வெண்டல் அதைத் தன் லாரிக்குள் உட்கார வைத்துக் கண்ணாடியை ஏற்றினார், அங்கிருந்தும் ஊளையிட்டது. கடைசியில் தூரத்து ஊளையோடு ஒரு பதிவுதான் போயிற்று. ஆஷ்கோர்ட்காரர்கள் அதை வயலின் என்று நினைத்திருப்பார்கள் என்பது வெண்டலின் கருத்து. எப்படியோ, நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது.

நேர்முகத் தேர்வு பிப்ரவரியில், சிகாகோவில், ஒரு பெரிய ஓட்டலில். நாட்டின் பல கல்லூரிகள் அங்கே ஒரே வாரத்தில் கூடி, ஓட்டல் அறைகளில் கட்டிலை எடுத்துவிட்டுப் பியானோவைப் போட்டுப் பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்கும். பிப்ரவரியில் பனி லாரி ஓட்டுநருக்கு லீவு கிடைப்பது, தீபாவளிக்கு முதல் நாள் தையல்காரருக்கு லீவு கிடைப்பது மாதிரி. வெண்டல் இருபத்தாறு ஆண்டுகளில் முதல் தடவையாகக் கேட்டதால் கொடுத்தார்கள்.

போகும் வழியெல்லாம் பனி. இண்டியானா எல்லையில் ஒரு வேன் பள்ளத்தில் கிடந்தது. "நிறுத்தாதே வெண்டல்" என்று லோர்னா சொல்லி முடிப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். வேன் மேலே ஏறியது. வெண்டலின் கோட்டு சேற்றிலும் பனியிலும் ஊறிப் போயிற்று.

ஓட்டலுக்கு வந்ததும் லோர்னா மகளைக் கூட்டிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கு ஓடினாள். வெண்டல் கோட்டைப் பிழிந்து கீழ்க்கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் மேல் காயப்போட்டார். சட்டையோடு நின்றால் குளிர் எலும்பைத் தொட்டது. காரின் பின்பெட்டியில் ஏதாவது போர்வை இருக்கும் என்று தேடினார். மாற்றுச் சக்கரத்துக்கு அடியில், காகிதத்தில் சுற்றி, புத்தம் புதிய ஸ்வெட்ஷர்ட் ஒன்று இருந்தது. நீல நிறம், நெஞ்சில் பெரிய வெள்ளை எழுத்தில் ஆஷ்கோர்ட் என்று போட்டிருந்தது.

அதை லோர்னா அக்டோபரில் கல்லூரியைப் பார்க்கப் போனபோது வாங்கினாள். வாங்கிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது: முடிவு வருமுன் ஒரு கல்லூரியின் பெயரை உடம்பில் போட்டுக்கொள்வது, பெண் பார்க்கப் போன இடத்தில் வாசலிலேயே சம்பந்தி என்று கூப்பிடுவது போன்றது, காரியம் கெட்டுவிடும். இந்தப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அதனால்தான் ஒளித்து வைத்தாள். வெண்டலுக்கு இதெல்லாம் தெரியாது. மார்ச்சில் வரும் தன் பிறந்தநாளுக்கு அவள் வாங்கி வைத்த பரிசு என்று நினைத்தார். போட்டுக்கொண்டு, கோட்டு காய்ந்ததும் பழையபடி சுற்றி வைத்துவிடலாம் என்று தீர்மானித்தார்.

அப்படித்தான் அவர் ஒன்பதாவது மாடிக்குப் போனார். ஆஷ்கோர்ட் ஸ்வெட்ஷர்ட். நரைத்த மீசை. கழுத்தில் சாலைத்துறை அடையாள அட்டை, அதைக் கழற்றும் பழக்கமே அவருக்குக் கிடையாது. கையில் பிரிஜிட்டின் படங்கள் இருந்த ஃபைல். லோர்னாவும் பிரிஜிட்டும் அதற்குள் நடனத் தேர்வுக்காக வேறொரு மாடிக்குப் போயிருந்தார்கள்.

தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தி சுவரைப் பார்த்து மா மே மீ என்று பாடினாள். ஒருவன் தரையில் மல்லாந்து படுத்து மூச்சை எண்ணினான். பெற்றோர் வெந்நீர்க் குடுவையும் தேன் புட்டியுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். "எப்படிப் போச்சு?" என்று ஒருவர் கேட்டால், "சந்தோஷமாப் பாடினா" என்று மற்றவர் சொல்வார், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட மோசம்.

வெண்டல் உள்ளே வந்ததும் மா மே மீ நின்றது. படுத்திருந்தவன் எழுந்து முடியைக் கோதினான். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய ஊர் ஆட்கள் மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோமே, எவ்வளவு நல்ல ஜனம் என்று வெண்டல் நினைத்துக்கொண்டார்.

சிவப்புக் கழுத்துத் துணி கட்டிய ஒரு பெண்மணி மகளை முன்னே தள்ளிக்கொண்டு வந்தாள். "ஸார், ஒரே நிமிஷம். நான் கோரின் மஷ்பர்ன். இவ எமரி. செயின்ட் லூயிஸ்லேர்ந்து வர்றோம்."

"அவ்வளவு தூரமா! ரோடு எப்படி இருந்துது?"

கோரின் ஒரு கணம் யோசித்தாள். "ரொம்ப மேடு பள்ளம் ஸார். ஆனா எமரி ஒரு நாளும் மனசு தளர்ந்ததில்ல."

"உப்பு போட்டிருந்தாங்களா?"

"உப்பா?" கோரின் மகளைப் பார்த்தாள். மகள் தோளைக் குலுக்கினாள். "போட்டுக்கலாம் ஸார். எதுன்னாலும் கத்துக்குவா." அவள் எமரியின் படம் ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தாள். படத்தில் இருப்பவள் பக்கத்திலேயே நிற்கும்போது படம் எதற்கு என்று வெண்டலுக்குப் புரியவில்லை. வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அதற்குள் வேறொன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது: பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாப்பா, என்ன சாப்பிட்டே?"

"அஞ்சு பாதாம்" என்றாள் எமரி.

"எப்ப?"

"காலைல."

"பாட்டு டீச்சர் பால் சாமானே ஆகாதுன்னுட்டாங்க ஸார்" என்றாள் கோரின். "தொண்டைல சளி கட்டிக்குமாம். நேத்துலேர்ந்து இவளுக்கு எதுவும் இறங்கவும் இல்ல."

வெண்டல் ஃபைலுக்கு அடியிலிருந்து தன் மதியச் சாப்பாட்டை எடுத்தார். லோர்னா செய்து கொடுத்த ஹாம் சீஸ் சாண்ட்விச். பாதியைப் பிய்த்து நீட்டினார். "அரை வயித்தோட நான் லாரிகூட எடுக்கமாட்டேன். தின்னு."

தாய் வாயைத் திறக்குமுன் எமரி அதைத் தின்று முடித்தாள். வெண்டல் மறுபாதியையும் கொடுத்தார்.

சேதி தாழ்வாரத்தில் காட்டுத்தீயாகப் பரவிற்று. "ஆஷ்கோர்ட்டுல சீஸ் சாப்பிடலாமாம்." "சாப்பிடலாமா? சாப்பிடணுமாம்!" "லாரி எடுக்கிறதுன்னு ஏதோ மூச்சுப் பயிற்சி இருக்காம், அது வயிறு நிறைஞ்சாத்தான் வருமாம்." ஒரு மணி நேரத்துக்குள் கீழே ஓட்டல் கடையில் சீஸ் தீர்ந்துபோயிற்று.

பிறகும் இரண்டொருவர் அவரிடம் வந்தார்கள். பையன் ஐந்தடி மூன்று அங்குலம்தான், அது ஒரு குறையா என்று ஒரு தகப்பன் கேட்டான். நிரம்பி வழிந்த லிஃப்டைப் பார்த்தபடி, "குள்ளமா இருந்தா நல்லதுதான். இடம் கொஞ்சமாப் பிடிக்கும்" என்றார் வெண்டல். அந்தத் தகப்பனின் கண் கலங்கியது. லிஃப்டுக்குள் ஒரு பையன் அவரைப் பார்த்து முழுப் பாட்டையும் பாடினான். "பிரமாதம்பா. ஆனா கதவு திறந்துடுச்சு" என்றார் இவர்.

கோட்டு காய்ந்ததும் ஸ்வெட்ஷர்ட்டை மடித்து, சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பிரிஜிட் இறங்கி வந்தாள். சந்தோஷமாகப் பாடினாளாம்.

மார்ச் கடைசியில் முடிவுகள் வந்தன. சிகாகோவில் அவள் பாடிக் காட்டிய ஏழில் ஐந்து கல்லூரிகள் இல்லை என்றன. மெரிடன் கல்லூரி வா என்றது. ஆஷ்கோர்ட், காத்திருப்போர் வரிசையில் வைத்திருக்கிறோம் என்றது. அதாவது, இடம் கிடைத்த ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். மே முதல் தேதிக்குள் எல்லாரும் எங்காவது சரி என்று சொல்லியாக வேண்டும். பிரிஜிட் அழவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. மெரிடன் மோசமான இடமில்லை. என்ன, அங்கே நாடக மேடையும் கூடைப்பந்து மைதானமும் ஒன்றே.

ஏப்ரல் மூன்றாவது வாரம், பிரிஜிட் பள்ளியில் நாடக ஒத்திகைக்குப் போயிருந்த ஒரு மாலை. லோர்னா சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. அவள் அதில் குடியிருந்தாள்.

"இதைக் கேளேன் வெண்டல். கோரின்னு ஒருத்தி போட்டிருக்கா. 'என் மகள் எமரிக்கு ஆஷ்கோர்ட்டும் லிண்டன் ஹில்லும் கிடைச்சிருக்கு. முடிவெடுக்க முடியல. சிகாகோவுல எங்ககிட்ட ரொம்ப அன்பாப் பேசின ஆஷ்கோர்ட் பேராசிரியர் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. அவர்கிட்டயே கேட்டு முடிவு பண்றோம். நரைச்ச மீசை, ஆஷ்கோர்ட் ஸ்வெட்ஷர்ட், கழுத்துல அட்டை. பொண்ணு பசியா இருந்தான்னு தன்னோட ஹாம் சீஸ் சாண்ட்விச்சைக் குடுத்தார்.'"

வெண்டலின் கரண்டி பாதி வழியில் நின்றது.

லோர்னா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "வெண்டல்."

"ம்."

"உன் மீசை என்ன கலர்?"

"குளிரா இருந்துது லோர்னா. என் பிறந்தநாளுக்கு வாங்கினதுன்னு நினைச்சேன்."

"பிறந்தநாளுக்கு உனக்கு நான் துளைபோடுற மிஷின்தானே குடுத்தேன்!"

"அது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்."

லோர்னா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். அவள் முகத்தில் வேறொரு யோசனை வந்திருந்தது. "இந்த எமரி பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு பொண்ணோட இடம். அவ விட்டா, பிரிஜிட்டுக்கு வரலாம். அந்தம்மா உன் வார்த்தைக்காகக் காத்திருக்கா. 'உனக்கு லிண்டன் ஹில்தாம்மா பொருத்தம்'னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை, வெண்டல்."

"நான் பேராசிரியர் இல்லையே."

"அது அவளுக்குத் தெரியாதே."

"உண்மையைச் சொல்லிட்டா?"

"சொல்லிப் பாரு! யாரோ ஒருத்தன் எங்க பேராசிரியர் வேஷம் போட்டான், அவன் பேரு ஹூக்ஸ்ட்ரான்னு கல்லூரிக்குத் தெரிஞ்சா, வரிசையில இருக்கிற நம்ம பொண்ணை அடிச்சுத் தூக்கிடுவாங்க. ஒண்ணு, பேராசிரியரா பேசு. இல்ல, பேசாமலே இரு."

மறுநாள் முழுவதும் வெண்டல் சாலையில் குழி அடைத்தபடி யோசித்தார். மதியம் லாரிக்குள் தனியாக உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ஆஷ்கோர்ட் சார்பாக உங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்" என்று பேசிப் பார்த்தார். அவர் காதுக்கே அது சவப்பெட்டி விற்பவன் பேச்சுபோல் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் அந்த அம்மாளும் பெண்ணும் சக்கரம் புதைந்து நிற்கிறார்கள்; புதைத்தது இவர். காலையில் ஃபைலிலிருந்து எடுத்து வந்திருந்த எமரியின் படத்தைத் திருப்பினார். பின்னால் தாயின் எண் இருந்தது.

"புரொஃபஸர்!" என்று கூவினாள் கோரின். "கூப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்!"

"அம்மா, நான் புரொஃபஸர் இல்ல. பேரு வெண்டல் ஹூக்ஸ்ட்ரா. மிச்சிகன்ல பனி தள்ளுற லாரி ஓட்டுறேன். என் கோட்டு நனைஞ்சு போச்சு, அந்த ஸ்வெட்ஷர்ட் கார்ல கிடந்துது. நீங்க என்னை யாருன்னு நினைச்சீங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது."



"அப்ப அந்தச் சீஸ்?" என்றாள் கோரின்.

"அது என் மதியச் சாப்பாடு."

"நீங்க சொன்னதால நாங்க இப்பவும் அவ மேடை ஏறும்போதெல்லாம் சீஸ் குடுக்கிறோம்!"

"நல்லாப் பாடுறாளா?"

"அது வேற விஷயம்!" அவள் குரல் ஏறியது. "உங்களுக்குப் புரியுதா? எமரி ஆரம்பத்துலேர்ந்து லிண்டன் ஹில்லுங்கிறா. நான்தான் ஆஷ்கோர்ட்டுன்னு பிடிவாதம் பிடிக்கிறேன். ஏன்? அங்க ஒருத்தர் இருக்கார், பொண்ணு சாப்பிட்டாளான்னு பார்ப்பார்னு. இப்ப அங்க யார் இருக்கா?"

"தெரியலம்மா. நல்லவங்க இருப்பாங்க. இன்னொண்ணும் சொல்லிடணும். என் பொண்ணு ஆஷ்கோர்ட்டுல காத்திருக்கிற வரிசைல இருக்கா. நீங்க விட்டா அவளுக்குக் கிடைச்சாலும் கிடைக்கும். அதனால இந்த விஷயத்துல நான் என்ன சொன்னாலும் நீங்க நம்ப வேண்டாம்."

"ஓ! அப்படியா சேதி!" என்றாள் கோரின். "நான் கல்லூரிக்கே எழுதுறேன்." போன் அறுந்தது.

வீட்டில் அன்று லோர்னா அவருக்குச் சூப் ஊற்றும்போது ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போச்சு."

பிரிஜிட்டிடம் இருவரும் எதுவும் சொல்லவில்லை. அவள் அடுத்த நாள் மெரிடனின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கூடைப்பந்து வளையத்தை மேல தூக்கி வச்சுட்டுத்தான் நாடகம் போடுவாங்களாம்பா" என்றாள், சிரிக்க முயன்றபடி. வெண்டல் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஏப்ரல் இருபத்தொன்பது காலை பதினொன்றரைக்கு, கொதிக்கும் தாரைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. விண்ணப்பத்தில் அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"மிஸ்டர் ஹூக்ஸ்ட்ராவா? நான் ஆடெல் ஃபிங்க். ஆஷ்கோர்ட்டுல இசை நாடகத் துறைத் தலைவர்."

வெண்டல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "அம்மா, எல்லாம் என் தப்பு. பொண்ணுக்கு எதுவும் தெரியாது."

"சிகாகோவுல எங்களுக்காக ஆள் பிடிச்சீங்களாமே. நாலு குடும்பம் நன்றி சொல்லி எழுதியிருக்காங்க. குள்ளமா இருக்கிறது நல்லதுன்னு எங்க புரொஃபஸர் சொன்னாராம், பையன் அன்னையிலேர்ந்து நிமிர்ந்து நடக்கிறானாம். யாருடா அந்த மீசைன்னு நான் ஏப்ரல் பூரா தேடுறேன். எங்ககிட்ட மீசையே கிடையாது."

"மஷ்பர்ன் அம்மாவும் எழுதினாங்களா?"

"எழுதினாங்க. புகார்தான்."

"என்னைப் பத்தியா?"

"எங்களைப் பத்தி. இப்படி ஒரு ஆளை நீங்க ஏன் வேலைக்கு வைக்கலைன்னு. அதே கடுதாசில மகளோட இடத்தையும் வேண்டாம்னுட்டாங்க." அவள் குரலைக் கறாராக்கிக்கொண்டாள். "மிஸ்டர் ஹூக்ஸ்ட்ரா, இனிமே எங்க பேரைப் போட்டுக்கிட்டு யாருக்கும் வைத்தியம் சொல்லாதீங்க. அந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது. அடுத்தது வேற பேச்சு, ரெண்டையும் சேர்க்காதீங்க. வரிசையை பிப்ரவரியிலேயே எழுதி வச்சாச்சு. பொண்ணுங்கள்ல அடுத்த பேர் பிரிஜிட். எனக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வேணும். உங்க பதில் இல்ல, அவளோடது."

"அவ ஸ்கூல்ல இருக்கா."

"அப்ப நான் சாயங்காலம்..."

"வேண்டாம், வேண்டாம். வைக்காதீங்க. லைன்லயே இருங்க. பதினஞ்சு நிமிஷம்."

தார் ஆறினால் கல்லாகிவிடும். இருபத்தாறு ஆண்டுகளில் வெண்டல் ஒரு குழியைக்கூடப் பாதியில் விட்டதில்லை. அன்று விட்டார். புகையும் தார்ப்பானையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஆடெல் ஃபிங்க்கைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கு லாரியை விரட்டினார். இடையில் போனிலிருந்து, "அது என்ன சத்தம்?" என்று கேட்டது. "குழிம்மா. இன்னும் அடைக்கல" என்றார்.

பள்ளி அலுவலகத்துத் திருமதி பாஷ், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தார் பூட்ஸோடு நின்ற மனிதரைப் பார்த்தாள். "அவசரமா வெண்டல்?"

"ஆமாம்."

"யாருக்காவது உடம்பு..."

"இல்ல. கூப்பிடு அவளை."

பிரிஜிட் கணக்கு வகுப்பிலிருந்து ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மாவா? பிக்கிளா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. இந்தா, பேசு."

அவள் போனைக் காதில் வைத்தாள். "ஹலோ" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோடு சரிந்து, பரிசுக் கோப்பைகள் வைத்த அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு வரைக்கும் வேண்டாம்" என்றாள். "இப்பவே சொல்றேன். வர்றேன். ஆமாம், வர்றேன்." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "எங்க அப்பாவா? எந்த மீசை?"

வெண்டல் அவசரமாக வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆஷ்கோர்ட்டுக்கு இங்கிருந்து ஒன்பது மணி நேரம். வழியில் இரண்டு இடத்தில் ஏரிக் காற்று பனியை அள்ளிக் கொட்டும். அந்தச் சாலைகள் அவர் வட்டாரத்தில் சேராது, வேறு யாரோதான் தள்ள வேண்டும்.

"நல்ல சேதியா வெண்டல்?" என்று திருமதி பாஷ் மெல்லக் கேட்டாள்.

"போயிடுவா போல" என்றார் வெண்டல்.